குருதியோட்டத் தளர்ச்சி: அதிர்ச்சி நிலையின் வகைகளும் காரணங்களும் குறிகளும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில், ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்பும் அணுகி நிற்க, வெங்காயத் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புக்களுக்கும் காற்றாலைகளுக்கும் இடையே அமைந்த மாம்புரியிலும் அதன் அயற் கிராமங்களிலும் வாழ்கின்றவர்கள், வைத்தியரிடம் போய்ச் சேருமுன் வீட்டிலிருப்போரே அறிந்து செயற்படவேண்டிய ஆபத்துக்களுள் எதனை முதலில் கற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்பார்களானால், இந்த அத்தியாயத்தில் கூறப்படும் அதிர்ச்சி நிலையையே நான் காட்டுவேன். திருக்கையின் முள் தைத்து இரத்தம் பெருகுவதும், டெங்குக் காய்ச்சலில் குழந்தை சோர்ந்து விழுவதும், குளவி கொட்டியவன் மூச்சுத் திணறுவதும், பிரசவித்த தாய் வெளிறிப்போவதும், நடுவயதினர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துச் சாய்வதும் பார்வைக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சம்பவங்களே. ஆயினும் அவை உயிரைக் கவரும் மார்க்கம் ஒன்றுதான். மூளை, இருதயம், சிறுநீரகம் முதலிய அவயவங்களுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்லவேண்டிய குருதி, போதிய அளவு சென்றடையாத அந்த ஸ்திதியே இங்கு அதிர்ச்சி எனப்படுவது. மனம் திடுக்கிடுவதும் மின்சாரம் தாக்குவதும் வேறு விஷயங்கள்.

எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவருடைய சரீரத்தில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. ஓய்ந்திருக்கும் வேளையில் இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றரை வெளியே தள்ளுகின்றதாகையால், உடலிலுள்ள குருதி அனைத்தும் ஒரு நிமிஷத்தில் ஒருமுறை சுற்றி மீள்கின்றதென்று சொல்லலாம். குருதி இவ்வாறு சுற்றிச் சுற்றி வருகின்றதென்பதை இங்கிலாந்து வைத்தியரான வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டிலே நிறுவிக் காட்டினார். இந்தச் சுற்றோட்டம் தளரத் தொடங்கியதும் சரீரம் வாளாவிருப்பதில்லை; அட்ரினலின் முதலிய சுரப்புக்களைப் பெருக்கி, இருதயத்தை விரைந்து துடிக்கச் செய்து, தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் நாளங்களைச் சுருக்கி, அங்கே போகவேண்டிய குருதியை மூளைக்கும் இருதயத்துக்கும் திருப்பிவிடுகின்றது. இதனால் சில நேரம் குருதியமுக்கம் குறையாமல் நிற்கின்றது. அவ்வாறு நிற்கின்ற காலத்திலேயே, குருதி கிடைக்காத இழையங்களில் லக்ரிக் அமிலம் சேர்ந்து, உள்ளே சேதம் தொடங்கிவிடுகின்றது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வாசகர் வேறெதனை மறந்தாலும் ஒன்றை மறத்தலாகாது: அமுக்கமானி காட்டும் எண் எல்லாவற்றுக்கும் பிந்தி வரும் சாட்சி. பெரியவர் ஒருவர் தம் குருதியில் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை, அதாவது முக்கால் லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை, இழந்துவிட்டபோதிலும், படுத்திருக்கையில் அவருடைய மேல் அமுக்கம் வழமைபோலவே இருக்கக்கூடும். இழப்பு 30 பங்கைக் கடந்த பின்னரே அது வெளிப்படையாக விழுகின்றது. குழந்தைகள் இன்னும் நெடுநேரம் அமுக்கத்தைக் காத்துநின்று, பின்னர் சடுதியிற் சரிந்துபோவார்கள். கர்ப்பிணிகளுக்கோ இயல்பாகவே குருதியின் கனவளவு பெருகியிருப்பதால், பெரும் இழப்பும் நெடுநேரம் வெளியே தெரிவதில்லை. வீட்டுக்கு வீடு அமுக்கமானி வந்துவிட்ட இக்காலத்தில், “பிறஷர் நல்லாத்தான் இருக்கு, விடிஞ்சதும் கொண்டுபோவம்” என்ற சமாதானத்தைப்போல அபாயமான வார்த்தை வேறில்லை.

குறிகளை எங்கே பார்ப்பது

முதலிற் பார்க்கவேண்டியது தோல். நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதே நம்மவர் வழக்கம். காய்ச்சலை அறிய அது போதும், அதிர்ச்சியை அறியப் போதாது. கையையும் காலையும் தொட வேண்டும். உடல் சூடாயிருக்க, விரல்களும் பாதங்களும் குளிர்ந்து பிசுபிசுத்து, முழங்காலைச் சுற்றி ஊதாவும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தோன்றினால், நாளங்கள் சுருங்கிவிட்டன என்பது நிச்சயம். மாநிறத்தவரிடம் முகத்தின் வெளிறலைக் கண்டறிதல் எளிதன்றாகையால், கீழிமையின் உட்புறத்தையும் உதட்டின் உட்புறத்தையும் நாவையும் பார்த்தல் நலம்.

அடுத்து ஒரு சிறு பரீட்சை. நோயாளியின் கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, விரல் நகத்தின்மேல் ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். மூன்று நான்கு விநாடியாகியும் வெண்மை நீங்கவில்லையாயின் விரல்நுனிக்குக் குருதி ஒழுங்காக வரவில்லை. கடலிலிருந்து நனைந்து வந்தவனிடத்திலும் நகப்பூச்சுப் பூசியவளிடத்திலும் இப்பரீட்சை பிழைக்கும். அவர்களுக்கு மார்பெலும்பின் மேல் அழுத்திப் பார்க்கலாம். எவ்விதக் கருவியும் வேண்டாத இந்தப் பரீட்சையை வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடக் கற்றுக்கொடுக்கலாம்.

நாடி விரைந்து, மெலிந்து, விரலுக்குச் சரியாக அகப்படாமல் ஓடும். பெரியவருக்கு அமைதியாகப் படுத்திருக்கையிலும் நிமிஷத்துக்கு 100க்கு மேல் துடித்தால் கவனம் வேண்டும். நாடித்துடிப்பின் எண்ணிக்கை மேல் அமுக்கத்தின் எண்ணை எட்டிவிட்டாலோ அதனை மீறிவிட்டாலோ நிலைமை மோசமானது. அமுக்கத்துக்காக அட்டெனலோல் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நாடி விரையாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். அப்படிப்பட்ட முதியவர்களின் நாடியை மாத்திரம் நம்பி ஏமாறுதல் கூடாது. சுவாசமும் விரைகின்றது. காரணமின்றி மூச்சு வாங்குவதாகத் தோன்றும் நோயாளியின் குருதியில் அமிலம் பெருகியிருக்கக்கூடும்.

மனத்தின் நிலையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அதிர்ச்சியிலுள்ளவர் ஆரம்பத்தில் மயங்கிக் கிடப்பதில்லை. அமைதியிழந்து புரள்கின்றார்; எழுந்து உட்காருவேன் என்கின்றார்; தண்ணீர் தண்ணீர் என்று கேட்கின்றார்; ஏதோ நடக்கப்போகின்றதென்று அஞ்சுகின்றார்; சுற்றியிருப்போரிடம் எரிந்து விழுகின்றார். இதனைப் பிடிவாதமென்றும் பயமென்றும், சில வீடுகளிற் பேய்க்கோளாறென்றும் எண்ணி நேரத்தைப் போக்குவதுண்டு. அதன்பின்னர் அவர் அடங்கி உறங்குவதுபோலக் கிடக்கையில், “இப்போதுதான் கொஞ்சம் அமைதியானார்” என்று வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். மூளைக்குச் செல்லும் குருதியும் குறைந்துவிட்டதன் லட்சணம் அது.

கடைசியாகச் சிறுநீர். சிறுநீரகம் குருதி கிடைக்காதபோது நீரை வெளிவிடாமல் நிறுத்திக்கொள்கின்றது. வைத்தியசாலையில் இதனை அளந்தே சிகிச்சை செய்வார்கள். அறுபது கிலோகிராம் நிறையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றராவது வரவேண்டும் என்பது பொதுக் கணக்கு. வீட்டில் அவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. ஆறு மணித்தியாலமாக நோயாளி சிறுநீர் கழிக்கவில்லை என்ற ஒரு செய்தியே போதும், வண்டியை அழைக்க.

இக்குறிகளைப்போலத் தோன்றும் வேறு சில நிலைமைகளும் உள. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் உணவு தவறினால் குளிர்ந்து வியர்த்துத் தடுமாறுவார். அவர் விழுங்கக்கூடியவராயிருப்பின் சீனி கரைத்த நீர் கொடுத்துப் பார்க்க, சில நிமிஷங்களில் தெளிவார். வெங்காயத் தோட்டத்தில் கிருமிநாசினி தெளித்தவன் வியர்த்து, எச்சில் வழிந்து, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்கிக் கிடந்தால் அது நஞ்சேறியதன் குறி. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவில் சனநெருக்கத்திலும் வெயிலிலும் நின்ற ஒருவர் மயங்கி விழுந்து, நிழலிற் படுக்கவைத்த சில நிமிஷங்களுக்குள் தெளிந்து எழுந்தால் அது வெறும் மயக்கமே. படுத்த பின்னும் கைகால் குளிர்ந்து, நாடி மெலிந்து, பேச்சுக் குழறினால் அதனை மயக்கமென்று விட்டுவிடலாகாது.

நால்வகை

அதிர்ச்சியைக் காரணம் பற்றி வகுக்கும் முயற்சியை அமெரிக்க அறுவை வைத்தியரான ஆல்பிரட் பிளாலொக் 1934இல் தொடங்கிவைத்தார். இன்று வழங்கும் நால்வகைப் பிரிவு 1970களின் ஆரம்பத்தில் உருப்பெற்றது. நம் தோட்டக்காரர்களுக்கு இதனை விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை. வெங்காயப் பாத்திக்கு நீர் ஏறவில்லையென்றால் அவர்கள் நான்கு இடங்களையே பார்ப்பார்கள்: கிணற்றில் நீர் வற்றியிருக்கும், அல்லது இயந்திரம் பழுதாகியிருக்கும், அல்லது குழாய்களெல்லாம் ஒரே வேளையில் திறந்துவிடப்பட்டு எங்கும் வேகமின்றிப் போயிருக்கும், அல்லது வழியில் ஏதோ அடைத்திருக்கும். குருதியின் கனவளவு குறைவதும், இருதயம் தளர்வதும், நாளங்கள் கட்டுக்கடங்காமல் விரிவதும், சுற்றோட்டத்தின் பாதை தடைப்படுவதும் முறையே அந்நான்கு வகைகளாம்.

கனவளவு குறைதல்

எல்லாவற்றிலும் மிகுதியாக நேர்வது இது. வெட்டுக்காயத்தில் வழியும் குருதியை எவரும் காண்பர்; காணாத குருதியே அதிகம் கொல்கின்றது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடையெலும்பு முறிந்தால், தோலிற் சிறு கீறலும் இன்றித் தொடைக்குள்ளேயே ஒரு லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை தேங்கிவிடும். வயிற்றில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்தவன் வயிற்றுவலி என்று மாத்திரம் சொல்லிக்கொண்டிருப்பான். மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கும் பெண்ணுக்குத் திடீரென அடிவயிற்றில் வலியும் தலைச்சுற்றும் வந்தால், கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்திருக்கலாம் என்ற எண்ணம் வரவேண்டும். பிரசவத்தின்பின் அரை லீற்றருக்கு மேற்படும் இழப்பைப் பெரும்போக்கென்று கணக்கிடுகின்றார்கள். வீட்டுக்கு வந்துவிட்ட தாய்க்கும் அடுத்த சில வாரங்கள் வரை இது நேரக்கூடும். துணி ஒன்றன்பின் ஒன்றாக நனைந்து, அவள் எழுந்து நிற்கையில் கண் இருளுமாயின், குடும்பநல மருத்துவிச்சி நாளை வருவார் என்று காத்திருத்தல் தகாது.

குருதி சிந்தாமலும் நீரிழப்பால் இவ்வகை அதிர்ச்சி வரும். வாந்திபேதியில் இழந்த உப்பையும் நீரையும் நாளத்தின் வழியே திருப்பிக் கொடுக்கலாம் என்பதை, 1832இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் கொலரா நோயாளிகளிடம் தோமஸ் லட்டா செய்துகாட்டினார். 1971இல் வங்காளப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையிலிருந்த பன்காவ் அகதிகளிடையே கொலரா பரவியபோது, நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மஹலானபிஸ் சீனியும் உப்பும் கலந்த நீரை வாயினாலேயே கொடுக்கச் செய்து எண்ணற்றோரைக் காத்தார். அந்நீரின் வழிவந்ததே நம் மருந்துக்கடைகளில் ஜீவனி என்ற பெயரில் விற்கும் பொதி. பேதி தொடங்கியபோதே அதனைக் கரைத்துக் கொடுத்தால் அதிர்ச்சிவரை போகவேண்டியதில்லை. பொதியிற் சொல்லிய அளவு நீரையே சேர்க்கவேண்டும். குறைந்த நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். அதிர்ச்சி முற்றிச் சோர்ந்துகிடப்பவர் வாயில் அதனை ஊற்றுவது மூச்சுக்குழலில் ஊற்றுவதாகவே முடியும்.

டெங்கு

இதுவும் கனவளவு குறைதலே; ஆயினும் இதனைத் தனியே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளிகள் 186,101 பேர்; 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். டெங்குவால் இறப்போரில் மிகுதியானவர்களைக் கொல்வது காய்ச்சல் அன்று. காய்ச்சல் தணியும் தறுவாயில் நாளங்களின் சுவரிலிருந்து குருதித் திரவம் கசிந்து மார்பிலும் வயிற்றிலும் தேங்குவதே. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும் இந்தக் கசிவுக்காலம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதென்று தாய் மகிழ்ந்து நேர்த்திக்கடன் செலுத்த ஆயத்தமாகும் அந்த நாளே மிகுந்த எச்சரிக்கைக்குரிய நாள். காய்ச்சல் விட்ட பிள்ளை எழுந்து விளையாடி உண்ணவேண்டும். அவ்வாறின்றி வயிறு வலிக்கின்றதென்று சுருண்டு, வாந்தியெடுத்து, கைகால் குளிர்ந்து, சிறுநீர் குறைந்து கிடந்தால், அது குணமடைவதன் குறியன்று.

அமுக்கமானியின் ஏமாற்று இங்கே உச்சத்தை அடைகின்றது. குருதித் திரவம் கசியக் கசிய நாளங்கள் இறுகுவதால் கீழ் எண் உயர்கின்றது. மேல் எண் அசையாமல் நிற்கின்றது. 100க்கு 80 என்று காட்டும்போது, மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் நூறு இருக்கின்றதே என்று திருப்தியடைவார். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 20ஆகக் குறைந்துவிட்டது. டெங்குவில் அந்த 20தான் அதிர்ச்சியின் எல்லைக்கோடு. எனவே டெங்கு என்று சந்தேகிக்கும் வீட்டில் இரு எண்களையும் எழுதிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலின் மூன்றாம் நாளிலேயே குருதிப் பரிசோதனை செய்வித்தல், பனடோல் தவிர வேறெந்தக் காய்ச்சல் மருந்தும் கொடாதிருத்தல், அஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனக் ஆகியவற்றை அறவே விலக்குதல், வெறும் நீரையே கொடாமல் கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு என மாற்றி மாற்றிக் கொடுத்தல் ஆகியவை வீட்டின் கடமை. சிவப்பும் கபிலமுமான பானங்களைத் தவிர்க்கும்படி வைத்தியர்கள் சொல்வதற்கு ஒரு காரணமுண்டு: பிள்ளை வாந்தியெடுத்தால் அதிலிருப்பது குருதியா பானமா என்று பின்னர் அறியமுடியாது.

இருதயம் தளர்தல்

மாரடைப்பில் இருதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்தால், குருதி போதிய அளவு இருந்தும் அதனைத் தள்ளுவதற்கு வலிமை இல்லாமற் போகின்றது. நெஞ்சிற் பாரம், இடக்கையிலும் தாடையிலும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு, கழுத்து நாளங்கள் புடைத்தல் ஆகியவை இதன் குறிகள். இதனை வாய்வு என்று தாமே தீர்மானித்து, இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்து, எண்ணெய் தடவி இரவைக் கழித்தவர்களின் கதை நம் கிராமங்களிலே ஒவ்வொரு தெருவிலும் கேட்கலாம்; நீரிழிவுள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். டெங்குவில் விலக்கப்பட்ட அஸ்பிரினே இங்கு உயிர்காக்கும் ஔஷதம். ஒவ்வாமையும் குருதிப்போக்கும் இல்லாதவரானால் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் செய்யலாம். இந்நோயாளிக்கு மூச்சு முட்டினால் தட்டையாகப் படுக்கவைக்கலாகாது. சாய்வாக உட்காரவைக்க வேண்டும்.

நாளங்கள் விரிதல்

இவ்வகையில் மூன்று உண்டு. ஒன்று கிருமித்தொற்றால் வருவது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, எலிக்காய்ச்சல், நீரிழிவுள்ளவரின் காற்புண் ஆகியவை இதற்குக் காரணமாகும். வெப்பமான கடல்நீரில் வாழும் விப்ரியோ இனத்து நுண்கிருமிகள் சில, ஈரல் பழுதடைந்தவரின் சிறு காயத்தினூடே புகுந்து ஒன்றிரண்டு நாளுக்குள் உயிருக்கு உலைவைக்க வல்லவையாதலால், நெடுங்காலம் மது அருந்திய மீனவர் காலில் மீன்முள் தைத்த இடம் கறுத்துக் கொப்புளித்தால் அதனை அலட்சியம் செய்யலாகாது. இவ்வகை அதிர்ச்சியின் ஆரம்பத்தில் கைகால் குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகவே இருக்கக்கூடும். குழம்பிய பேச்சும் நிமிஷத்துக்கு 22க்கு மேற்பட்ட சுவாசமுமே அப்போது காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது ஒவ்வாமையால் வருவது. இதன் வரலாறு கடலோடு பிணைந்தது. 1901இல் மொனாக்கோ இளவரசர் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் பிரயாணம் செய்த பிரெஞ்சு விஞ்ஞானிகளான சார்ள்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியரும், நீலநிறக் காற்றுப்பையோடு மிதக்கும் ஒருவகைச் சொறிமுட்டையின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிஸ் திரும்பி, கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்குச் செலுத்தி, சில வாரங்களின்பின் மீண்டும் சிறிதளவு செலுத்தியபோது, முதல்முறை தாங்கிய நாய் இரண்டாம் முறை அரைமணி நேரத்துக்குள் இறந்தது. பழகப் பழக நஞ்சு தாங்கும் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறான இந்த உண்மையை 1902இல் வெளியிட்ட ரிஷே, 1913இல் நோபல் பரிசு பெற்றார். முன்பு பலமுறை குளவி கொட்டியும் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்பவருக்கு அந்த நாய்களின் கதையைச் சொல்லலாம்.

குளவி, தேனீ, இறால், நண்டு, கடலை, பெனிசிலின் ஊசி, பாம்புக்கடிக்குச் செலுத்தும் மாற்றுமருந்து ஆகிய எதுவும் இதனைத் தூண்டலாம். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், குரல் கம்முதல், வயிற்றைப் பிசைதல் ஆகியவை சில நிமிஷங்களுக்குள் அடுக்கடுக்காக வரும். தடிப்பே இல்லாமலும் வரக்கூடும். இதற்குரிய மருந்து அட்ரினலின். பெரியவருக்கு ஆயிரத்தில் ஒன்று செறிவுள்ளது அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தவேண்டும். ஐந்து நிமிஷத்தில் குணம் தெரியாவிட்டால் மறுபடியும். பிரிட்டோன் மாத்திரை சொறியைத் தணிக்கும், அதிர்ச்சியைத் தணிக்காது. மிக முக்கியமானது: இந்நோயாளியை நடத்திக் கொண்டுபோகாதீர்கள். படுத்திருந்தவரைச் சடுதியாக எழுப்பி நிறுத்துகையில் இருதயத்துக்குத் திரும்பும் குருதி நின்று, அங்கேயே உயிர்போன சந்தர்ப்பங்கள் உண்டு. முச்சக்கரவண்டியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டோடுவதைவிடப் படுக்கவைக்கும் வண்டிக்கு ஐந்து நிமிஷம் காத்திருத்தல் மேல்.

வெயிலிற் கிடந்த சூரையையும் சாளையையும் உண்டபின் முகம் சிவந்து, தலை இடித்து, உடல் தடிப்பதும் இதைப்போலவே தோன்றும்; அது மீனில் விளைந்த ஹிஸ்ரமின் என்ற பொருளால் வருவது. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அப்பொருள் அழியாது. பிடித்த மீனை வாடியிலேயே பனிக்கட்டியில் இடுவதொன்றே பரிகாரம்.

மூன்றாவது முள்ளந்தண்டு நரம்பு அறுவதால் வருவது. தென்னையிலிருந்து விழுந்தவனுக்கு அமுக்கம் குறைந்தும், தோல் சூடாகவும் நாடி மெதுவாகவும் இருந்தால் இதனை எண்ணவேண்டும். அவனைத் தோளிலும் தொடையிலும் பிடித்து வளைத்துத் தூக்குவதால் மிஞ்சிய நரம்பும் அறும். பலகையில் ஒரே நேராக உருட்டி எடுக்க வேண்டும்.

பாதை அடைபடுதல்

ஏனைய ஊர்களில் இது அபூர்வம். கற்பிட்டிக் கரையில் சற்று நெருங்கிய விஷயம். அட்டையும் சங்கும் தேடிச் சிலிண்டர் கட்டி மூழ்குபவர், பத்து மீற்றர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கியபடியே மேலெழுந்தால், அமுக்கம் பாதியாகக் குறைவதால் அவருடைய நுரையீரலிலுள்ள காற்று இருமடங்காக விரிகின்றது. நுரையீரல் கிழிந்து, காற்று மார்புக் கூட்டில் வெளியேற வழியின்றிப் பெருகி, இருதயத்தையும் பெருநாளங்களையும் நசுக்குகின்றது. மேலே வந்ததும் நெஞ்சுவலி, ஒருபக்க மார்பு அசையாமை, கழுத்து நாளம் புடைத்தல், உதடு நீலித்தல் என்று கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. வைத்தியர் ஊசியால் அந்தக் காற்றை வெளியேற்றிய கணமே நோயாளி உயிர்த்தெழுவதுபோல எழுவதுண்டு. மார்பில் அடிபட்டு இருதயத்தின் உறைக்குள் குருதி தேங்குவதும், நெடுநாள் படுக்கையிற் கிடந்தவரின் கால் நாளத்தில் உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

வகை எதுவென்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாதபோதும் செய்யத்தக்கவை சில உண்டு. வெளியே வழியும் குருதியைச் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடியுங்கள். நனைந்த துணியை எடுத்துவிடாமல் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கால் முறிவோ முதுகுக் காயமோ மூச்சுத்திணறலோ இல்லையாயின் காலைச் சாண் ஒன்றரை உயர்த்துங்கள். தலையைத் தாழ்த்தும் பழைய முறை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்கவேண்டும். ஈர உடையைக் களைந்து போர்வையால் மூடினாற் போதும். வெந்நீர் ஒத்தடமும் நெருப்பிற் குளிர்காய்தலும் தோலின் நாளங்களை விரித்து, சரீரம் அரும்பாடுபட்டுச் சேமித்த குருதியை வீணாக்கும். கடலில் விறைத்து வந்தவனுக்குச் சாராயம் கொடுப்பதும் அதே பிழை. சாராயம் தரும் சூடு தோலளவே. அறுவைச் சிகிச்சை வேண்டிவரக்கூடிய காயக்காரருக்கு ஆகாரமும் பானமும் கொடாமல், உதட்டை நனைத்துவிடலாம். பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் கூடா. அங்கத்தை அசையாமல் வைத்து வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். இந்திய அரசாங்கத்தின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விஸ்தரிக்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது, கட்டணம் இல்லை. வடக்கே கற்பிட்டியிலும் கிழக்கே புத்தளத்திலும் வைத்தியசாலை இருக்க, எங்கே கொண்டுசெல்வது என்ற வாதத்தில் வீட்டார் நிற்கவேண்டாம். அதனை வண்டியோடு வருபவர் தீர்மானிக்கட்டும். மணல் ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டை இரவிற் கண்டுபிடிப்பது கடினமாதலால், பிரதான வீதியில் ஒருவரை விளக்கோடு நிறுத்திவையுங்கள்.

நோயாளியோடு செல்பவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தனுப்புங்கள். நோய் எப்போது தொடங்கியது, காய்ச்சலானால் இன்று எத்தனையாம் நாள், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, வழமையாக உட்கொள்ளும் மாத்திரைகள் எவை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். அவசரப் பிரிவிலே வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகள் இவையே; பதற்றத்தில் போகிறவருக்கு அவற்றுள் ஒன்றும் ஞாபகம் வராது.